ஏற்றத்தில் இறக்கிவிடாத வண்டி

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவர்களை நினைத்து இன்று எங்கள் தென்காசி வீட்டுக்கு வந்து, பந்தியில் உட்காருவதற்கு முன் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும், அப்பாவின் மூத்த மகளாக என் வணக்கம்.

இதை எழுத வேண்டியவன் என் தம்பிதான். அவன்தான் ஆண் வாரிசு, அவன் எழுதுவதுதான் முறை என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவனோ, "அக்கா, வண்டி விஷயத்த உன்ன மாதிரி எனக்கு எழுத வராது. நீயே எழுது. ஆனா நினைவு மலர்ல போய் சண்ட போட்டுராத" என்று சொல்லிவிட்டு, அச்சகத்துக்குப் போட்டோ கொடுக்கப் போய்விட்டான். சண்டை போடாமல் எழுத நானும் மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் அப்பா யாரோ ஒரு சாதுவான மனிதரைப் போலக் காகிதத்தில் தெரிந்தார்கள். கிழித்துப் போட்டேன். இது நாலாவது.

முதலில் ஒரு பொய்யை உடைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அப்பா இறந்த அன்று பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க ஒரு கதை பரவிவிட்டது. பம்புசெட் கடைக்காரர் தன்னுடைய பழைய வெள்ளைக்காரன் காரில் பெரிய என்ஜினைப் பூட்டிக்கொண்டு குற்றாலம் ரோட்டில் பறந்தாராம், அந்த வேகத்தில் நெஞ்சடைத்துப் போய்விட்டாராம். துக்கம் கேட்க வந்தவர்களே வாசலில் செருப்பைக் கழற்றும்போது இதைப் பேசிக்கொண்டு வந்தார்கள். என் காதால் கேட்டேன். "இந்த வயசுல எதுக்குவே அவருக்கு அம்புட்டு வேகம்?" என்று ஒருவர். "ஆசைக்கும் ஒரு அளவு வேணும்லா" என்று இன்னொருவர். உள்ளே அப்பாவைக் கிடத்தியிருக்கிறது, வெளியே உபதேசம் நடக்கிறது.

பச்சைப் பொய். அப்பா இறந்தது எங்கள் கடையில், கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் நாற்காலியில், காலைக் காபி குடித்து முடித்த நேரத்தில். சர்க்கரையும் இதயக் கோளாறும் அவர்களுக்குப் பல வருடங்களாக இருந்தன, மருந்து சாப்பிட்டு வந்தார்கள். வண்டியோ அப்போது வீட்டுக் கொட்டகையில் கிளட்ச் பிளேட்டைக் கழற்றிப் போட்டபடி நின்றது. புதுப் பிளேட் கோயம்புத்தூரில் இருந்து வர வேண்டியிருந்தது. கிளட்ச் பிளேட் இல்லாத காரை எந்த மகராசனாவது ஓட்டிக் காட்டினால், நான் இந்தக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

இனி முறைப்படி எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது இலத்தூரில். நெல் விவசாயக் குடும்பம். வீட்டில் ஐந்தாவது பிள்ளை. குளம் நிறைந்த வருடம் சோறும், குளம் வற்றிய வருடம் கேப்பையும் என்று வளர்ந்ததாகச் சொல்வார்கள். பத்தாவது முடித்ததும் சுரண்டையில் ஒரு இரும்புக் கடைக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். கடை மாடியில் சாக்கை விரித்துப் படுக்கை, பக்கத்து கிளப்புக் கடையில் சாப்பாடு. அங்கேதான் நட்டு போல்ட்டில் தொடங்கி மோட்டார், என்ஜின் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார்கள். அதே தெருவில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்தில்தான் பெண்ணும் எடுத்தார்கள். அந்தக் கடையை இன்று நடத்துகிறவர் அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா. மாமாவும் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

கல்யாணத்துக்குப் பிறகு அப்பா தென்காசிக்கு வந்து பம்புசெட் கடை வைத்தார்கள். பயிர் வாடுகிற சமயத்தில் மோட்டார் நின்றுபோன விவசாயிக்கு ஞாயிறு, திங்கள், தேரோட்டம், தீபாவளி எதுவும் கிடையாது என்பது அப்பாவின் கொள்கை. ஆகவே எங்களுக்கும் அவையெல்லாம் கிடையாது. ஒரு தீபாவளியன்று எண்ணெய் தேய்த்த தலையோடு, புளியங்குடிப் பக்கம் ஒரு எலுமிச்சைத் தோட்டத்துக் கிணற்றில் இறங்கி மோட்டாரைத் தூக்கியவர்கள் அப்பா. அந்தத் தோட்டத்தில் இருந்து இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு மூட்டை எலுமிச்சை வருகிறது. நீங்கள் இன்று இலையில் தொட்டுக்கொள்ளப் போகும் ஊறுகாய் அதில் போட்டதுதான்.

இப்போது வண்டிக்கு வருகிறேன்.

ஆரியங்காவைத் தாண்டி ஒரு ரப்பர் எஸ்டேட்டில் தண்ணீர் மோட்டார் மாட்டுவதற்காக அப்பா போயிருந்தார்கள். அங்கே பங்களாவுக்குப் பின்னால் தென்னோலைக்கு அடியில் ஒரு கார் கிடந்தது. இரண்டே பேர் உட்காரலாம். தலைக்கு மேல் கூரை கிடையாது, மடக்குகிற துணி மட்டும்தான். நீண்ட மூக்கு. எந்தக் காலத்திலோ வெள்ளைக்கார மேனேஜர் ஒருவர் இங்கிலாந்தில் இருந்து கப்பலில் கொண்டுவந்தது. பங்களாவை விற்கிற வாரிசுகள் அதையும் இரும்பு விலைக்குத் தள்ளிவிடப் பார்த்தார்கள். "இது ஓடில்லா சாரே", ஓடாது என்று காவல்காரர் மலையாளத்தில் சொன்னாராம். அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு வருடம் ஞாயிறு தவறாமல் வேலை பார்த்து ஓடவும் வைத்தார்கள்.

ஓடியது. ஆனால் சமதரையில் மட்டும். அந்த என்ஜின் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் சி.சி., அதுவும் தேய்ந்துபோன கிழம். உதிரிப் பாகம் வேண்டுமென்றால் சீமைக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

அந்த வருடச் சாரல் சீசனில் அப்பா எங்களை ஐந்தருவிக்குக் கூட்டிப் போனார்கள். முன்னால் அப்பாவும் அம்மாவும். இருக்கைகளுக்குப் பின்னால் சாமான் வைக்கும் இடுக்கில் நானும் தம்பியும். குற்றாலத்தைத் தாண்டி ஐந்தருவி ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியது, இருமியது, நின்றுவிட்டது. அப்பா மறுபடி கிளப்பினார்கள். மறுபடியும் நின்றது. பின்னால் வேன்கள் ஹாரன் அடித்தன. அப்போது அம்மா கதவைத் திறந்து இறங்கினார்கள்.

அம்மா கொஞ்சம் பருமன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். இதை எழுதச் சொன்னதும் அம்மாதான்: "அத எழுதாட்டா ஒருத்தருக்கும் வெளங்காது, எழுது."

அம்மா இறங்கியதும் வண்டி ஏறிவிட்டது. அதுதான் வினை. சாலையோரத்தில் மங்குஸ்தான் பழக்கடை முன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து நின்றிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. "மாப்ள, பாரத்த எறக்கிட்டீருல்லா, இனி ஏறும்வே!"

மொத்தக் கூட்டமும் சிரித்தது. பழம் வாங்க வந்த முன்பின் தெரியாதவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அம்மா ஈரச் சாலையில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்தக் கூட்டத்தைத் தாண்டி நடந்து வந்ததை நான் பின்னால் திரும்பி உட்கார்ந்து பார்த்தேன். அன்று அம்மா அருவியில் குளிக்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் இட்லிக்கு முன்னால் உட்கார்ந்தபோது அப்பா பேச்சை எடுத்தார்கள். அம்மா சட்டியைக் கிண்டியபடி, "இனிமே நீங்களும் பிள்ளைகளும் போயிட்டு வாங்க. நான் வரல. என் வெயிட்டுக்கு அந்த வண்டி ஆகாது" என்றார்கள். கண் நிறைந்திருந்தது.

"ஏட்டி, நீ எதுக்கு அழுவுத? கொற உன்கிட்ட இல்ல. அந்த என்ஜின்கிட்ட இருக்கு" என்றார்கள் அப்பா. "பொண்டாட்டியச் சொமக்க மாட்டாத என்ஜின் எனக்கு எதுக்கு? கழத்திட்டு வேற பெருசாப் போடுதேன்."

பெரிய என்ஜினின் கதை இவ்வளவுதான். வேகமும் இல்லை, பைத்தியமும் இல்லை. ஒரு மனிதர் தன் மனைவி இனி எந்த ஏற்றத்திலும் இறங்கி நடக்கக் கூடாது என்று நினைத்தார். இதைப் புரிந்துகொள்ள நம் சொந்தத்தில் ஒருவருக்கும் இத்தனை வருடம் நேரம் கிடைக்கவில்லை. வண்டியில் கடிவாளமில்லாத குதிரையைப் பூட்டுகிறான் என்று பேச மட்டும் எல்லோருக்கும் நேரம் இருந்தது.

செங்கோட்டைச் சாலையில் டீ குடிக்க நிறுத்தியிருந்த ஒரு டாக்சி மேல் காற்றில் புளியமரம் சாய்ந்து, பின்பாதி அப்பளமாகிவிட்டது. டிரைவர் கையில் டீ கிளாசோடு கடை பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீறல்கூட இல்லை. அந்த டாக்சியின் முன்பாதியில் இருந்த ஆயிரத்து எண்ணூறு சி.சி. என்ஜினைத்தான் அப்பா வாங்கினார்கள். இதற்கும் ஒரு கதை கட்டினீர்கள்: பிணம் விழுந்த வண்டியின் என்ஜினாம். விழுந்தது புளியமரம். அந்த டிரைவர் அண்ணாச்சி நல்ல ஆரோக்கியத்தோடு இன்று நம் வீட்டுப் பந்தலில்தான் இருக்கிறார். வேண்டுமானால் கிள்ளிப் பார்த்துக்கொள்ளலாம்.

என்ஜின் வந்ததும் அப்பா அதைத் தொடவே இல்லை. முதலில் பிரேக்கை மாற்றினார்கள். நாலு சக்கரத்துக்கும் பெரிய பிரேக், முன்பக்க ஸ்பிரிங்குக்குக் கூடுதல் பலம். ஏன் என்று கேட்டதற்கு, "ஓடுதது பெருசு இல்ல, நிக்கத் தெரியணும்" என்றார்கள். வேகத்தால் செத்தார் என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு வரியையாவது நிறுத்திப் படிக்கவும்.

அதற்கப்புறம்தான் பழைய என்ஜினைச் சங்கிலி போட்டுத் தூக்கிச் சாக்கில் சுற்றிக் கொட்டகை மூலையில் வைத்தார்கள். புதியதை இறக்கினால் எதுவும் எதோடும் சேரவில்லை. என்ஜினைத் தாங்கும் கொம்புகளை அறுத்து வேறு இடத்தில் பற்றவைக்க வேண்டியிருந்தது. ரேடியேட்டரை முன்னால் தள்ள வேண்டியிருந்தது. கியர் பாக்சில் இருந்து பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டைக் குட்டையாக்க வேண்டியிருந்தது. புகைக்குழாய் ஸ்டீயரிங் கம்பியில் இடித்தது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று இடிக்கும். அடுத்த சாரல் நெருங்குகிற வரை இதுதான் நடந்தது. ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் மாற்றத்தையும் முறையாகப் பதிந்தார்கள். திருட்டு வண்டி, போலீஸ் பிடிக்கும் என்று பேசியவர்களுக்காக இதையும் சொல்லி வைக்கிறேன்.

எல்லாம் முடிந்து பானெட்டை மூடினால் மூடவில்லை. புது என்ஜின் ஒரு சாண் உயரம் அதிகம். மேலே ஓட்டை போட்டு, அதன்மேல் புடைப்பாக ஒரு மூடி வைக்க வேண்டும். தகரத்தில் அடித்துப் பார்த்தார்கள், விரிசல் விட்டது. இன்னொன்று அடித்தார்கள், வண்டி ஓடும்போது தடதடவென்று பறையடித்தது. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மா உள்ளே போனார்கள். பரணில் இருந்து தன் சீர்வரிசைப் பித்தளைக் குடத்தை இறக்கிக்கொண்டு வந்து அப்பாவின் முன்னால் வைத்தார்கள். தோள்பட்டையில் புள்ளிப் புள்ளியாக 'உலகம்மாள்' என்று பெயர் வெட்டிய குடம். அம்மாவின் பெயர் அது.

"இத நெடுக ரெண்டா வெட்டுங்க. பாதியப் படுக்க வச்சா உங்க ஓட்டைக்குச் சரியா இருக்கும். வாய்ப்பக்கத்த முன்னால வச்சா காத்தும் உள்ள போவும்."

அப்பா பதறிவிட்டார்கள். "சீர்க் கொடத்தயா? உங்க அண்ணன் என்னய வெட்டிப் போட்டுருவான்!"

"வருசத்துக்கு ஒருக்கா பரண்ல இருந்து எறக்கி, புளி போட்டுத் தேய்க்கது நானா, எங்க அண்ணனா?" என்று கேட்டார்கள் அம்மா. "கொடம் என்னுது. வெட்டுங்க."

தென்காசியில் ஒரு பாத்திரப் பட்டறையில் கொடுத்து, பெயர் சிதையாமல் இரண்டாக அறுத்து வாங்கினோம். பெயர் இருந்த பாதி பானெட்டின் மேல் ஏறியது. மறு பாதி இன்றும் எங்கள் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மழைக் கூரையாக இருக்கிறது. குடத்தின் வாய் முன்பக்கம் பார்க்க வைத்ததால் ஒரு விஷயம் நடந்தது. எதிரே நிற்கிறவர்களுக்கு அம்மாவின் பெயர் தலைகீழாகத் தெரியும். உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறவருக்கு நேராகத் தெரியும். பொண்டாட்டி பேரைத் தலைகீழாய்த் தொங்கவிட்டுட்டான் என்று ஊர் சிரித்தது. அப்பா, "வாசிக்க வேண்டியவன் நான்தானலே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அதன்பிறகு வருடந்தோறும் சாரலுக்கு முன்னால் அம்மா அந்தக் காரின் மூக்கைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார்கள். உலகத்திலேயே புளி போட்டு விளக்கப்படும் சீமைக் கார் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

முதல் ஓட்டமும் ஐந்தருவிக்கே. அதே நாலு பேர், அதே ஏற்றம். ஏற்றத்தின் அடிக்கு வந்ததும் அம்மாவின் கை பழக்கத்தில் கதவுப் பிடிக்குப் போனது. அப்பா ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்கள்: "கைய எடுட்டி. பேசாம இரி."

வண்டி ஏறியது. மூச்சு வாங்கவில்லை, இருமவில்லை. பழக்கடைகள் பின்னால் போயின. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, சாரல் முகத்தில் அடிக்க அடிக்கத் துடைக்காமல் வந்தார்கள். மேலே போய் இறங்கியதும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தலவலி இருக்கா?" அன்று அம்மா பொழுது போகிற வரை அருவியில் நின்றார்கள்.

அதன்பின் எத்தனையோ சாரல். இந்த வண்டியை ராசியில்லாதது என்று சொல்கிற நம் உறவினர்கள், எத்தனை கல்யாணங்களுக்கு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு இரவல் கேட்டு வந்தீர்கள் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பெரிய மாமாவின் மகன் சுரண்டை வீதியில் ஊர்வலம் போனதும் இந்த வண்டியில்தான். குடம் தெரிந்தால் கேவலம் என்று அதன்மேல் மல்லிகைச் சரத்தைச் சுற்றோ சுற்று என்று சுற்றி மறைத்தீர்கள். காற்று போகாமல் என்ஜின் கொதித்து, அப்பா பட்டு வேட்டியோடு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஊர்வலத்தோடு நடந்தார்கள். ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு ராசி எங்கே போயிருந்தது?

பதினாறாம் நாள் விசேஷத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சடங்கெல்லாம் முடிந்து அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கூடம் நிறைய ஆட்கள். பெரிய மாமா எழுந்து நின்று, கொட்டகைப் பக்கம் கையை நீட்டி, எல்லோரும் கேட்கச் சொன்னார்: "இந்த வண்டிதான் என் தங்கச்சி தாலிய அறுத்துட்டு. உசிரோட இருக்கும்போதே கொடத்த ஒடைக்கலாமா? நாங்க சீராக் குடுத்த கொடத்த அவகிட்ட இருந்து புடுங்கி வெட்டினவருக்கு வேற என்ன வரும்?"

குடம் உடைப்பது சுடுகாட்டுச் சடங்கு என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்தக் குடத்தை வெட்டியபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. இன்றைக்கு என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். இவ்வளவு சாவகாசமாகப் பலிக்கிற அபசகுனத்தை நான் கேள்விப்பட்டதில்லை. அன்று நான் வாயைத் திறக்கப் போனேன், அம்மா என் கையைப் பிடித்து அழுத்திவிட்டார்கள்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். போன மாதம் மாமா ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பழைய கார்களைச் சேர்க்கிற வெளியூர்க்காரர். வண்டியைத் தருவதாக மாமாவே அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல். வந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார், பானெட்டைத் தூக்கிப் பார்த்தார், பிள்ளைக்கு அடிபட்டதைப் போல உச்சுக் கொட்டினார்.

"நல்ல வண்டியைக் கெடுத்து வச்சிருக்காங்களே சார். பரவாயில்லை, பழைய என்ஜின் மூலையில் இருக்கு. இந்த டாக்சி என்ஜினைத் தூக்கிப் போட்டுட்டு அதைத் திரும்ப மாட்டிடலாம். இந்தப் பானையையும் கழற்றி எறிஞ்சுட்டு ஒரிஜினல் பானெட் போட்டாத்தான் மதிப்பு."

பானை. என் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கிற குடம் அவருக்குப் பானை. நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அன்றுதான் புதுக் கிளட்ச் பிளேட்டை மாட்டி முடித்திருந்தேன். அப்பா இல்லாத கடையை நடத்துவதும் நான்தான், அந்த வண்டியைப் பார்ப்பதும் நான்தான். நல்ல வார்த்தை நாலு என் வாயில் தயாராக இருந்தது. ஆனால் அம்மா அடுக்களையில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள்.

"ஏன் தம்பி, அந்தச் சின்ன என்ஜினப் போட்டா, நான் ஏறி உக்காந்தா ஐந்தருவி ஏத்தம் ஏறுமா?"

அவர் சிரித்தார். "இதெல்லாம் ஓட்டுறதுக்கு இல்லம்மா, வச்சிருக்கிறதுக்கு."

"அப்ப வச்சிக்கிடதுக்கு வேற ஏதாச்சும் பாத்து வாங்கிக்கோங்க. இது விக்கதுக்கு இல்ல."

மாமாவின் முகம் சிவந்துவிட்டது. "ஏட்டி, நான் வாக்குக் குடுத்துட்டேன். ஊர்ல என் மரியாத என்ன ஆவும்? கொடத்த வெட்டி நம்ம குடும்பத்தையே கேவலப்படுத்தின வண்டி இது. இத இன்னும் எதுக்குக் கட்டி அழுவுத?"

"கொடத்த வெட்டச் சொன்னது நான், அண்ணே."

அம்மா குரலை உயர்த்தவே இல்லை.

"அவுக வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னாக. நான்தான் பரண்ல ஏறி எறக்கிட்டு வந்தேன். எதுக்குன்னு கேளு. ஒரு சாரலுக்கு ஐந்தருவி ஏத்தத்துல என்னய எறக்கி விட்டுத்தான் வண்டி ஏறிச்சு. பழக்கட முன்னால நின்னு, பாரத்த எறக்கிட்டீருல்லான்னு ஒருத்தர் கத்தினாரு. ஊரே சிரிச்சுது. அது யாருன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

நான் அந்தக் குரலைச் சிறு வயதில் கேட்டேன், முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு, இத்தனை வருடம் அந்த அண்ணனுக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் பலகாரம் செய்து அனுப்பியிருக்கிறார்கள். அப்பாவுக்கும் தெரியும். தெரிந்தேதான் அந்த அண்ணன் மகன் ஊர்வலத்தில் வாளித் தண்ணீரோடு நடந்திருக்கிறார்கள். இருவரில் ஒருவர்கூட எங்களிடம் சொன்னதில்லை. எனக்கு அந்த நிமிடம் மாமாமேல் வந்த ஆத்திரத்தைவிட, இவர்கள் இருவர்மேலும் வந்த ஆத்திரம்தான் அதிகம். அடக்கத்துக்கும் ஒரு அளவு வேண்டும்.

மாமா வந்தவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது வண்டிக்கு முன்னால் ஒரு கணம் நின்று குனிந்து, தலைகீழாகத் தெரிந்த தங்கையின் பெயரைப் பார்த்தார்.

இனி நன்றி சொல்லும் இடம். அப்பா கடையில் சாய்ந்ததும் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து தோளில் தூக்கிய எதிர் டீக்கடை அண்ணாச்சிக்கு நன்றி. ஆஸ்பத்திரி வரை கூட வந்து, திரும்பும்போதும் கூடவே இருந்த ஆட்டோக்காரருக்கு நன்றி. என்ஜின் கொம்புகளைப் பற்றவைத்தவருக்கும், குடத்தை அறுக்கும் முன் அம்மாவின் பெயருக்குச் சந்தனம் தொட்டு வைத்த பாத்திரப் பட்டறைக்காரருக்கும், டீ குடிக்கப் போய்த் தப்பித்த டாக்சிக்காரருக்கும் நன்றி. எலுமிச்சை மூட்டைக்கு நன்றி. குடம் கொடுத்த பெரிய மாமாவுக்கும் நன்றி. இதை நான் கேலியாக எழுதவில்லை. அந்தக் குடம் இல்லாமல் எங்கள் பானெட் மூடியிருக்காது.

தம்பி இதைப் படித்துப் பார்த்துவிட்டு, "சண்ட போடாதன்னு சொன்னேன்லா" என்றான். பிறகு ஒரு வரியையும் வெட்டாமல் அச்சுக்குக் கொடுத்துவிட்டான்.

இன்று இலை எடுத்ததும் நானும் அம்மாவும் ஐந்தருவிக்குப் புறப்படுகிறோம். சாரல் தொடங்கிவிட்டது. நேற்று அம்மா குடத்தைப் புளி போட்டு விளக்கிவிட்டார்கள். ஸ்டீயரிங்கில் நான், பக்கத்தில் அம்மா. அப்பா வாசித்த பெயரை இனி நான் வாசித்துக்கொண்டு ஓட்டுவேன். வர விருப்பம் உள்ளவர்கள் முன்னதாகவே போய் அந்தப் பழக்கடைகள் பக்கம் நின்றுகொள்ளலாம். மாமா, நீங்களும் கட்டாயம் வர வேண்டும். நின்று நன்றாகப் பாருங்கள்.

ஏற்றத்தில் அம்மா இறங்க மாட்டார்கள்.